கைபேசியைத் தேர்ந்தெடுத்தலும் மின்கலத்தின் ஆயுளும்

டில்லி மாநகரின் தென்மேற்கில், ரிங் ரோடு எனப்படும் வட்டச் சாலையை ஒட்டி அமைந்துள்ள மோதி பாக், நெடுங்காலமாக மத்திய அரசாங்க ஊழியர்களின் குடியிருப்புகள் நிறைந்த பகுதியாகும். டில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்திவரும் ஏழு பள்ளிகளுள் ஒன்று இங்கே இருத்தலால், தமிழ்க் குடும்பங்களுக்கும் இவ்விடம் புதிதன்று. மே மாதத்து நண்பகலில் இப்பகுதியில் வீடு வீடாகச் சென்று விவரம் சேகரிக்கும் ஊழியர் ஒருவரை மனத்தில் கொள்ளலாம். ஒரு காலத்தில் இத்தகைய ஊழியர் கையில் அச்சிட்ட படிவங்களும் பென்சிலும் இருந்தன. பென்சிலின் முனை ஒடிந்தால் சீவிக்கொள்ள ஒரு நிமிடம் போதும். இன்று அவர் கையில் இருப்பது கைபேசி. பிற்பகல் 2 மணிக்கு அதன் மின்கலம் ஓய்ந்துவிடுமாயின் அன்றைய வேலை அத்துடன் நின்றுவிடுகிறது; மறுநாள் அதே மாடிப்படிகளில் அவர் மீண்டும் ஏற வேண்டியதாகிறது.

இந்நிலை ஓர் ஊருக்கு மட்டும் உரியதன்று. 2021 மார்ச் முதல் அங்கன்வாடிப் பணியாளர்கள் குழந்தைகளின் எடையையும் உயரத்தையும் 'போஷண் டிராக்கர்' என்னும் செயலியில் பதிவு செய்து வருகின்றனர். 2025 ஜூன் 16 அன்று வெளியான அறிவிக்கையின்படி, மக்கள் தொகைக் கணக்கெடுப்பிற்குரிய நாள் 2027 மார்ச் 1 ஆகும். லடாக் முதலிய பனிப் பிரதேசங்களுக்கு மட்டும் அது 2026 அக்டோபர் 1. காகிதப் படிவத்திற்குப் பதிலாகக் கைபேசிச் செயலி வாயிலாக விவரங்கள் திரட்டப்படும் முதல் கணக்கெடுப்பு இதுவே. இப்பணியில் சுமார் 30 லட்சம் பேர் ஈடுபடுத்தப்படுவர் என்று 2025 டிசம்பரில் அரசாங்கம் தெரிவித்தது. வீடுதோறும் செல்லும் கணக்கெடுப்பாளர்களுள் பெரும்பாலோர் பள்ளி ஆசிரியர்களே. ஆகவே, கைபேசி வாங்கும்போது அதன் மின்கலத்தைப் பற்றிச் சிந்திப்பது இவ்வூழியர்களைப் பொறுத்தவரை வெறும் வசதி பற்றிய கேள்வியன்று. அது தொழிற்கருவியைப் பற்றிய கேள்வியாகும். ஒரு மாதச் சம்பளத்தில் கணிசமான பங்கைச் செலவிட்டு வாங்கும் கருவி மூன்றாண்டுகளாவது உழைக்கவேண்டுமென்று அவர்கள் எதிர்பார்ப்பது நியாயமே.

ஒரு சொல், இரு பொருள்

'பேட்டரி லைஃப்' என்று கடைகளில் வழங்கும் சொற்றொடர் இரு வேறு செய்திகளை ஒன்றாகக் குழப்பிவிடுகிறது. காலையில் முழுமையாக மின்னேற்றம் செய்த கைபேசி அன்று எத்தனை மணி நேரம் இயங்கும் என்பது ஒன்று. அம்மின்கலம் எத்தனை ஆண்டுகள் பயன்தரும் என்பது மற்றொன்று. தமிழில் முன்னதைத் தாங்கும் நேரம் என்றும், பின்னதை ஆயுள் என்றும் பிரித்துக் கூறுதல் தெளிவு தரும். விளம்பரங்கள் பெரும்பாலும் முன்னதைப் பற்றியே பேசுகின்றன. வாங்குவோர் பிற்காலத்தில் வருந்துவதோ பின்னதைப் பற்றி.

இவ்விரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை ஒரு சிறு கணக்கு விளக்கும். மின்கலத்தின் கொள்ளளவு மில்லி ஆம்பியர்-மணி என்னும் அலகில் குறிக்கப்படுகிறது. இன்று பரவலாக விற்கப்படும் கைபேசிகளில் 5000 என்ற எண் சாதாரணமாகக் காணப்படுவது. இவ்வெண் மின்னூட்டத்தின் அளவை மட்டும் கூறுகிறது. உண்மையில் எவ்வளவு சக்தி உள்ளது என்பதை அறிய, மின்னழுத்தத்தால் பெருக்கவேண்டும். கைபேசி மின்கலத்தின் சராசரி மின்னழுத்தம் 3.85 வோல்ட் எனக் கொண்டால், 5 ஆம்பியர்-மணி × 3.85 வோல்ட் = 19.25 வாட்-மணி. வெயிலில் படிக்கத்தக்க அளவுக்குத் திரை ஒளிர்ந்து, இருப்பிடம் காட்டும் வசதியும் இணையத் தொடர்பும் சேர்ந்து இயங்கும் வேளையில் கைபேசி 2.5 வாட் செலவிடுவதாக வைத்துக்கொண்டால், அது ஏறக்குறைய 7 மணி 40 நிமிடம் தாங்கும். 4000 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட மற்றொரு கைபேசியில் 15.4 வாட்-மணியே உள்ளது. அது 6 மணி 10 நிமிடத்தில் ஓய்ந்துவிடும். ஆறு மணி நேர வேலைக்கு இரண்டும் போதும் என்றே தோன்றும்.

ஆனால் மின்கலம் தேய்கிறது. கொள்ளளவு தொடக்க நிலையில் 80 சதவிகிதமாகக் குறையும்போது, முதற் கைபேசியில் 15.4 வாட்-மணி எஞ்சும். அதாவது, அது புதிய நிலையிலிருந்த இரண்டாவது கைபேசிக்குச் சமமாகிவிடும். ஆறு மணி நேரத்தை ஒருவாறு கடந்துவிடும். இரண்டாவது கைபேசியோ 5 மணிக்கும் குறைவாகவே தாங்கும். வாங்கிய நாளில் போதுமானதாக இருந்த கருவி, பின்னர் ஒரு கோடையில் வேலைக்கு உதவாமற் போவது இவ்விதமே. வாங்கும் நாளின் தேவையைக் கொண்டு அளப்பதைவிட, மூன்றாம் கோடையின் தேவையைக் கொண்டு அளப்பதே தக்கது.

மின்கலத்தினுள் நிகழ்வது

இன்றைய கைபேசிகளில் உள்ளது லித்தியம்-அயனி மின்கலம். 1980-இல் ஆக்ஸ்போர்டில் ஜான் குடினஃப் குழுவினர் லித்தியம் கோபால்ட் ஆக்ஸைடு இதற்கேற்ற பொருள் எனக் காட்டினர். ஜப்பானில் அகிரா யோஷினோ 1985-இல் பாதுகாப்பான மாதிரி ஒன்றை உருவாக்கினார். 1991-இல் சோனி நிறுவனம் இதனை விற்பனைக்குக் கொணர்ந்தது. இவ்விருவருக்கும், முன்னோடியான ஸ்டான்லி விட்டிங்ஹாமுக்கும் 2019-இல் ரசாயனத்திற்கான நோபல் பரிசு கிடைத்தது. அப்போது குடினஃபின் வயது 97.

மின்னேற்றம் செய்யும்போது லித்தியம் அயனிகள் ஒரு மின்வாயிலிருந்து நீங்கி, மறுபுறத்திலுள்ள கிராஃபைட்டின் அடுக்குகளுக்கிடையே சென்று தங்குகின்றன. பயன்படுத்தும்போது அவை திரும்பி வருகின்றன. போவதும் வருவதுமான இப்பயணம் முற்றிலும் இழப்பற்றதாக இருந்தால் மின்கலம் என்றும் அழியாது. உண்மையில், ஒவ்வொரு சுற்றிலும் லித்தியத்தின் மிகச் சிறு பகுதி மின்பகுபொருளுடன் வினைபுரிந்து கிராஃபைட்டின் மேற்பரப்பில் மெல்லிய படலமாகப் படிந்துவிடுகிறது. அங்ஙனம் படிந்தது திரும்புவதில்லை. படலம் தடிக்கத் தடிக்க மின்கலத்தின் உட்தடையும் உயர்கிறது. பழைய கைபேசி 20 சதவிகிதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று அணைந்துபோவதற்கு இதுவே முக்கிய காரணம்: மின்னோட்டம் மிகுதியாகத் தேவைப்படும் கணத்தில் உட்தடையின் விளைவாக மின்னழுத்தம் சரிந்துவிடுகிறது. தேய்ந்த மின்கலமுடைய ஐபோன்கள் இவ்வாறு அணைவதைத் தடுப்பதற்காக, மென்பொருள் மூலம் அவற்றின் வேகத்தைக் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம் தெரிவித்ததும், அதனால் பெரும் சர்ச்சை எழுந்ததும் பலருக்கு நினைவிருக்கும். கைபேசி மந்தமாகிவிட்டது என்று கருதிப் புதியது வாங்கியோருள் சிலருக்கு, மின்கலத்தை மாற்றியிருந்தாலே போதுமாயிருந்திருக்கும்.

மொத்தம் 100 சதவிகித அளவு மின்னிறக்கம் நிகழ்வது ஒரு சுற்று எனப்படும். இன்று பாதியும் நாளை பாதியும் செலவானால், அது இரண்டன்று, ஒரே சுற்று. களப்பணியில் நாள்தோறும் ஒரு சுற்று ஆகுமெனக் கொண்டால், 500 சுற்றுகளுக்கு உறுதி கூறப்பட்ட மின்கலம் ஓராண்டு நான்கு மாதத்தில் 80 சதவிகிதத்திற்கு இறங்கும். 800 சுற்றுகள் என்றால் இரண்டாண்டு இரண்டு மாதம். 1000 சுற்றுகள் என்றால் இரண்டாண்டு ஒன்பது மாதம். ஆப்பிள் நிறுவனமே ஐபோன் 14 வரையிலான மாதிரிகளுக்கு 500 என்றும், ஐபோன் 15 முதலியவற்றிற்கு 1000 என்றும் கூறுகிறது. இவையெல்லாம் சீரான சூழ்நிலையில் அளக்கப்பட்ட எண்கள் என்பதை மறத்தலாகாது.

அண்மையில், கிராஃபைட்டுடன் சிலிக்கனைச் சேர்த்துச் செய்த மின்கலங்கள் வந்துள்ளன. ஒரே எடையில் சிலிக்கன், கிராஃபைட்டைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு லித்தியத்தை ஏற்கவல்லது. ஆதலால் கைபேசியின் பருமன் கூடாமலே 6000, 7000 என்ற கொள்ளளவுகள் இயல்கின்றன. ஆயினும், லித்தியத்தை ஏற்கும்போது சிலிக்கன் பெரிதும் உப்பி, விடும்போது சுருங்குகிறது. இவ்வசைவைக் கட்டுக்குள் வைப்பதே இத்தொழில் நுட்பத்தின் கடினமான பகுதி. எனவே இவ்வகையில் கொள்ளளவை மட்டும் பார்த்து மகிழாமல், எத்தனை சுற்றுகளுக்கு உறுதி தரப்படுகிறது என்றும் கேட்கவேண்டும்.

வெப்பம்

மோதி பாக்கிற்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ளது சஃப்தர்ஜங் வானிலை ஆய்வகம். அங்கே 1944 மே 29 அன்று 47.2 டிகிரி சென்டிகிரேட் பதிவாயிற்று. சரியாக 80 ஆண்டுகள் கழித்து, 2024 மே 29 அன்று, 46.8 டிகிரி பதிவாயிற்று. அதே நாளில் டில்லியின் வடமேற்கு ஓரத்திலுள்ள முங்கேஷ்பூர் தானியங்கி நிலையம் 52.9 டிகிரி காட்டியது நாடெங்கும் பரபரப்பை உண்டாக்கியது. பின்னர் ஆராய்ந்ததில் அந்நிலையத்தின் உணரி சுமார் 3 டிகிரி கூடுதலாகக் காட்டியது தெரியவந்தது. எந்த எண்ணையும், அது எவ்வாறு அளக்கப்பட்டது என்று கேளாமல் ஏற்கக்கூடாது என்பதற்கு வகுப்பில் எடுத்துக் கூறத்தக்க உதாரணம் இது.

வானிலை ஆய்வாளர் வெப்பமானியை நிழலில், காற்றோட்டமுள்ள பெட்டியில் வைத்து அளக்கின்றனர். ஊழியரின் கைபேசியோ வெயிலில் இருக்கிறது. உள்ளிருந்து மின்சுற்றுகளும் அதனைச் சூடாக்குகின்றன. கண்ணாடிகள் மூடிய கார் வெயிலில் நிற்குமாயின் அதன் உட்புறம் 60 டிகிரியையும் கடக்கும். ஐபோன்களைப் பயன்படுத்துவதற்குரிய சூழல் வெப்பம் 0 முதல் 35 டிகிரி வரை என்றே அதன் உற்பத்தியாளர் வரையறுத்துள்ளார். ஆண்டில் பல வாரங்கள் டில்லி அவ்வரம்பிற்கு வெளியே இருக்கிறது. வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால் ரசாயன வினையின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது மாணவர்களும் அறிந்த தோராய விதி. மின்கலத்தைத் தேய்க்கும் வினைகளுக்கும் இது பொதுவாகப் பொருந்தும். முழுமையாக மின்னேறிய நிலையும் வெப்பமும் சேரும்போது கேடு மிகும். வெயிற் காலத்தில் வாகனத்தின் முன்பலகையில் கைபேசியை வைத்து, வழிகாட்டும் படத்தையும் இயக்கி, மின்னேற்றமும் செய்வது மின்கலத்திற்கு இழைக்கப்படும் முப்பெருங்கொடுமை எனலாம்.

குளிரின் விளைவு வேறு. லடாக்கிலும் இமயமலைப் பகுதிகளிலும் பணிபுரிவோர் கைபேசி பாதி நாளிலேயே ஓய்வதைக் காண்பர். குளிரில் அயனிகளின் நகர்ச்சி மந்தமாவதால் சக்தி வெளிப்படுவதில்லை. கைபேசியைச் சட்டையின் உட்பையில் வைத்து உடற்சூட்டில் வெதுவெதுப்பாக்கினால் இழந்ததாகத் தோன்றியது மீள்கிறது. வெப்பத்தால் இழந்தது மீள்வதில்லை. எனினும், 0 டிகிரிக்குக் கீழே மின்னேற்றம் மட்டும் செய்யலாகாது. அப்போது லித்தியம் கிராஃபைட்டினுள் புகாமல் உலோகமாக வெளியே படிந்து நிரந்தரச் சேதத்தையும், சிற்சில சமயம் அபாயத்தையும் விளைவிக்கும்.

கடையில் கவனிக்கவேண்டியவை

கொள்ளளவு ஒன்றே தாங்கும் நேரத்தைத் தீர்மானிப்பதில்லை. செலவு செய்யும் உறுப்புகளுள் திரை முதன்மையானது. ஓலெட் வகைத் திரையில் கறுப்பாகத் தோன்றும் புள்ளிகள் மின்சாரத்தைச் செலவிடுவதில்லை. ஆகவே கறுப்புப் பின்னணி அதில் சிக்கனம் தரும். எல்.சி.டி. திரையில் பின்விளக்கு எப்போதும் எரிவதால் இந்தத் தந்திரம் பலிக்காது. வெளியில் வேலை செய்வோர் திரையைக் கடையின் விளக்கொளியில் பார்த்து முடிவு செய்யாமல், வாயிலுக்கு வெளியே வெயிலில் கொண்டுவந்து பார்க்கவேண்டும். மங்கலான திரை எப்போதும் முழு ஒளியில் வைக்கப்படும். மின்கலமும் அதற்கேற்பக் கரையும்.

அடுத்தது அலைத்தொடர்பு. கோபுரம் தொலைவிலிருந்தாலோ, தடித்த சுவர்கள் குறுக்கிட்டாலோ, கைபேசி தன் ஒலிபரப்பு வலிமையை உயர்த்திக்கொள்கிறது. 4ஜி கைபேசிகளில் அதன் உச்ச அளவு பொதுவாக 200 மில்லிவாட். அதனை உண்டாக்க மின்கலத்திலிருந்து எடுக்கப்படும் சக்தி அதனினும் பல மடங்கு. ஆதலின், தம் பணியிடத்தில் எந்த நிறுவனத்தின் தொடர்பு வலுவாக உள்ளது என்று அறிந்து இணைப்பைத் தேர்ந்தெடுப்பதும் மின்கலத்தைப் பாதுகாப்பதன் ஒரு பகுதியே. இது பலராலும் கவனிக்கப்படுவதில்லை.

ஆயுளைப் பற்றிய நம்பகமான தகவல் அண்மைக் காலம் வரை வாங்குவோருக்குக் கிட்டவில்லை. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாக விற்பனைக்கு வரும் கைபேசிகளில் சக்தி முத்திரை கட்டாயமாக்கப்பட்டுள்ளது. ஒரு மின்னேற்றத்தில் எத்தனை மணி, எத்தனை நிமிடம் தாங்கும், எத்தனை சுற்றுகள் வரை 80 சதவிகிதக் கொள்ளளவு நிற்கும், பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்பனவெல்லாம் அதில் அச்சிடப்படுகின்றன. குறைந்தது 800 சுற்றுகள் என்பது அங்கே சட்டத் தேவை. இவ்விவரங்கள் பொதுமக்கள் காணத்தக்க பதிவேட்டிலும் உள்ளன. இந்தியாவில் வாங்குவோரும் அதே மாதிரியைத் தேடிப் பார்க்கலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை: தனிக்கலம் ஒன்று 20 வாட்-மணியைக் கடந்தால் சரக்குப் போக்குவரத்து விதிகள் கடுமையாகின்றன. அதுவும் ஒரு காரணமாக, சில மாதிரிகள் ஐரோப்பாவில் சிறிய மின்கலத்துடனும் இந்தியாவில் பெரிய மின்கலத்துடனும் விற்கப்படுகின்றன. பெயர் ஒன்றாயினும் பொருள் ஒன்றன்று.

விரைவு மின்னேற்றத்தின் வாட் எண்ணிக்கை விளம்பரங்களில் பெரிதாக அச்சிடப்படுகிறது. மதிய உணவு வேளையில் அரை மணி நேரத்தில் பாதியளவு ஏறுமாயின் களப்பணியாளருக்கு அது பெரும் உதவி என்பதில் ஐயமில்லை. இரவு முழுவதும் நேரம் இருக்கும்போது அவ்வேகம் தேவையற்றது. மெதுவாக ஏற்றினால் சூடும் குறையும். 80 சதவிகிதத்தில் மின்னேற்றத்தை நிறுத்தும் அமைப்பு இன்று பல கைபேசிகளில் உள்ளது. விடுமுறை நாட்களில் அதனைப் பயன்படுத்தி, களப்பணி நாட்களில் மட்டும் முழுமையாக ஏற்றிக்கொள்வது நடைமுறைக்கு ஏற்ற சமரசம்.

மின்கலத்தை மாற்ற எவ்வளவு செலவாகும், எங்கே மாற்றலாம் என்பதை வாங்குமுன்பே விசாரித்தறிவது நல்லது. மாவட்டத் தலைநகரில்கூடப் பழுதுபார்ப்பு நிலையமில்லாத கைபேசி மலிவாகக் கிடைத்தாலும் முடிவில் மலிவானதன்று. டில்லியில் கஃபார் மார்க்கெட்டும் நேரு பிளேஸும், சென்னையில் ரிட்சி தெருவும் இவ்வேலைக்குப் பெயர்பெற்றவை. எங்கே மாற்றினாலும், புதிய மின்கலத்தின்மீது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 16046 என்ற குறியும், 'ஆர்' என்ற எழுத்துடன் தொடங்கும் பதிவெண்ணும் உள்ளனவா என்று பார்க்கவேண்டும். அப்பதிவெண் உண்மையானதா என்பதை அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் சோதித்தறியலாம். உப்பிய மின்கலத்தை அழுத்துவதோ குத்துவதோ கூடாது. கழித்த மின்கலத்தைக் குப்பையில் எறிதலும் கூடாது. 2022-ஆம் ஆண்டு மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, அவற்றைத் திரட்டி மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளரைச் சார்ந்தது.

'பவர் பேங்க்' என வழங்கும் துணை மின்கலத்தைப் பற்றிய ஒரு குழப்பத்தையும் நீக்கவேண்டும். 10000 என்று எழுதப்பட்டதால் 5000 கொள்ளளவுள்ள கைபேசியை இரு முறை நிரப்பலாம் என்பது தவறு. அதனுள்ளே 3.7 வோல்ட்டில் 37 வாட்-மணி இருக்கிறது. மின்னழுத்தத்தை மாற்றும்போதும், கைபேசியில் ஏற்றும்போதும் ஒரு பகுதி வெப்பமாகச் செலவாகிறது, 19.25 வாட்-மணி உள்ள கைபேசியை ஒன்றரை முறை நிரப்பினால் திருப்தி அடையலாம். ஆயினும் எட்டு மணி நேரத்திற்கு மேல் வெளியில் நிற்கும் ஊழியருக்கு, விலை உயர்ந்த கைபேசியைவிட நடுத்தரக் கைபேசியும் பதிவெண் பெற்ற ஒரு துணை மின்கலமும் நம்பகமான ஏற்பாடு. விமானத்தில் செல்வோர் அதனைக் கைப்பையில் மட்டுமே எடுத்துச் செல்லவேண்டும்.

வகுப்பறையில் ஒரு சோதனை

ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு இதனை ஒரு பரிசோதனையாக அமைக்கலாம். கைபேசியை முழுமையாக மின்னேற்றி, திரையின் ஒளியை ஒரே நிலையில் நிறுத்தி, ஏற்கனவே சேமித்துவைத்த படக்காட்சி ஒன்றைத் தொடர்ந்து ஓடவிடவேண்டும். பத்து நிமிடத்திற்கு ஒரு முறை சதவிகிதத்தைக் குறித்து வரைபடத்தாளில் புள்ளியிடவேண்டும். முதல் நாள் விமானப் பயண நிலையிலும், இரண்டாம் நாள் தொடர்பு வலுவாக உள்ள இடத்திலும், மூன்றாம் நாள் தொடர்பு நலிந்த அறையிலும் இதனைச் செய்தால் மூன்று கோடுகளின் சரிவும் வேறுபடும். சரிவிலிருந்து, கைபேசி எத்தனை வாட் செலவிடுகிறது என்று மேலே கூறிய கணக்கின்படி மாணவர்களே கண்டறிவர். பழைய கைபேசி ஒன்று கிடைத்தால், அதன் கோடு இறுதியில் நேராக இறங்காமல் படிபோல் விழுவதையும் காட்டலாம். திரையில் தோன்றும் சதவிகிதம், தொட்டியில் நீர்மட்டத்தைப் பார்ப்பதுபோல் நேரடியாக அளந்ததன்று. உள்ளே சென்ற மின்னோட்டத்தையும் வெளிவந்த மின்னோட்டத்தையும் கூட்டிக் கழித்துக் கைபேசி செய்யும் ஊகமே அது. மின்கலம் தேயத் தேய அவ்வூகம் தவறுகிறது. இச்சோதனைக்கு எக்காரணம் கொண்டும் மின்கலத்தை வெளியே எடுக்கவோ பிரிக்கவோ மாணவரை அனுமதிக்கலாகாது; மூன்று நாட்களும் ஒரே கைபேசியை, ஒரே அறை வெப்பநிலையில் பயன்படுத்தி, அவ்வெப்பநிலையையும் ஏட்டின் தலைப்பில் எழுதிவைக்கச் செய்யவேண்டும்.